போட் கவர் ஒழுகுது, கறுப்புப் புள்ளியும் இருக்கு: ஸ்ப்ரே அடிக்கலாமா, புதுசு வாங்கவா?

சிம்கோ19
வணக்கம். 19 அடி ஃபைபர் போட், ஒண்டாரியோ, சிம்கோ ஏரிப் பக்கம். கவர் சன்பிரெல்லா எண்ட பிராண்ட் அக்ரிலிக் துணி, கடும் நீலம், ஏழு வருசம் பழசு. ட்ரெய்லரில, மேப்பிள் மரத்துக்குக் கீழ நிக்குது. துணி உறுதியாத்தான் இருக்கு, நிறமும் பெரிசாப் போகேல்லை. ஆனா நடுத்தையல் வழியாவும் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலயும் மழைத்தண்ணி உள்ள இறங்குது. துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. பின்மூலையில நாலஞ்சு பிரஸ் பட்டன் கழருதே இல்லை. தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே ரெண்டு டின் வாங்கி அடிச்சால் சரியாகுமோ, இல்லாட்டி புதுக் கவர்தானோ?

வடகாத்து
ஸ்ப்ரேயை இப்ப வாங்காதேங்கோ. அழுக்கு மேல அடிச்சால் அது அழுக்கிலதான் ஒட்டும், நூலில ஒட்டாது. ரெண்டு மழையில காசு கரைஞ்சு போகும்.

முதல்ல ஒண்டு விளங்கவேணும். அக்ரிலிக் கவர் தண்ணி புகாத படங்கு இல்லை. நெசவுக்குள்ளால காத்து போய்வரும். அதுக்காகத்தான் இந்தத் துணியைப் போட்டுக்குப் போடுறது. தண்ணியை உருட்டி விடுறது நூலுக்கு மேல இருக்கிற ஃபுளோரோகார்பன் பூச்சு. அது தேயும். நிறம் தேயாததுக்குக் காரணம் வேற: இழை நூற்கேக்கையே சாயம் உள்ளுக்குக் கலந்திருக்கு. ஆகவே நிறம் நல்லா இருக்கு எண்டு பார்த்து பூச்சும் நல்லா இருக்கு எண்டு நினைக்கக் கூடாது.

ஒழுக்கு எங்க எண்டு பிடிக்கிறதுக்கு, கவரைப் போட்டில கட்டிப்போட்டு, ஹோஸில நாசில் இல்லாமல் மெதுவாத் தண்ணி விடுங்கோ. ஆரும் ஒருத்தர் டோர்ச்சோட கவருக்குக் கீழ இருக்கவேணும். ஒரே நேரத்தில எல்லா இடமும் விடாமல், கீழ இருந்து மேல ஒவ்வொரு பாகமா நனையுங்கோ.

தையல் கோட்டில வரிசையாச் சொட்டினால் நூல் அல்லது ஊசித்துளை. துணி பரவலா நனைஞ்சு கருமையாகிக் கசிஞ்சால் பூச்சு போட்டுது, அல்லது பழைய சோப்பு துணிக்குள்ள நிக்குது. கண்ணாடி மூலை, கம்பி போல ஏதாவது உள்பக்கம் முட்டுற இடத்தில மட்டும் சொட்டினால் அந்த முட்டல்தான் காரணம். தண்ணி தேங்கி நிக்கிற குழியில கசிஞ்சால் அதுக்கு எந்த ஸ்ப்ரேயும் மருந்தில்லை, சரிவுதான் மருந்து. மழையே இல்லாத காலமையிலயும் உள்பக்கம் முழுக்க ஈரம் எண்டால் அது ஒழுக்கே இல்லை, போட்டுக்குள்ள இருந்து எழும்பின ஈரம் குளிர்ந்த துணியில படிஞ்சது.

உங்கட நடுத்தையல் முதலாவது வகை, கண்ணாடிப் பக்கம் மூண்டாவது வகை போலத்தான் தெரியுது.

அவுட்போர்ட்40
இவ்வளவு எதுக்கு? பிரஷர் வாஷர் வச்சு ஒரு அடி அடிச்சா புள்ளி எல்லாம் பறந்துடும். அப்புறம் வினிகர்.

வடகாத்து
புள்ளியோட பூச்சும் பறக்கும். பிரஷர் வாஷர் நெசவை விலத்தி நூலைப் பிசிராக்கும். தையலில இருக்கிற, வெயிலில மெலிஞ்ச நூலை அங்கயே அறுக்கும். வினிகரைப் பற்றிக் கீழ சொல்லுறன், அதில ஒரு ஆபத்து இருக்கு.

கழுவுறதுக்கு முதல் புள்ளி என்ன எண்டு பாருங்கோ. பஞ்சுக்குச்சியில வீட்டு பிளீச் ஒரு துளி எடுத்து ஒரு புள்ளியில வையுங்கோ. சில நிமிசத்தில வெளிறினால் பூஞ்சணம். அப்பிடியே கறுப்பா நிண்டால் புகைக்கரி அல்லது மண். மேப்பிளுக்குக் கீழ நிக்கிறதால இன்னொண்டும் இருக்கும்: இலையில இருக்கிற அசுவினிப் பூச்சி கழிக்கிற இனிப்புப் பசை துணியில விழும், அதுக்கு மேல கறுப்புப் பூஞ்சணம் வளரும். கை வச்சால் பிசுபிசுக்கும். அந்தப் பசை போகாமல் பிளீச் போட்டுப் பிரயோசனம் இல்லை. அக்ரிலிக் நூலைப் பூஞ்சணம் தின்னாது. அதுக்கு மேல படிஞ்ச அழுக்கைத்தான் தின்னுது.

கழுவுற முறை:

காஞ்ச நிலையில மென்மையான பிரஷால தூசி, இலை, பூ எல்லாத்தையும் தட்டுங்கோ. இதை விட்டுப்போட்டு நனைச்சால் தூசி சேறாகி நெசவுக்குள்ள போகும். பிறகு ஹோஸ் தண்ணி.

4 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு 60 மில்லி மென்மையான பாத்திரம் கழுவுற திரவம். சூடு 38 பாகைக்கு மேல போகக் கூடாது. மென்மையான நைலோன் பிரஷால, ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் பிரிச்சுத் தேயுங்கோ. 15 நிமிசம் ஊறவிடுங்கோ, ஆனா துணியில காய விடக் கூடாது. வெயில் ஏறமுதல் அல்லது மேகமூட்டமான நாளில செய்யிறது நல்லம்.

பிறகு அலசல். ஆக்கள் பிழைவிடுறது இங்கதான். நுரை மறைஞ்சாப் போல காணாது. துணியைக் கையால பிழிஞ்சு பாருங்கோ, நுரைக்குமிழி வந்தால் திரும்ப அலசுங்கோ. துணியில தங்கின சோப்பு தண்ணியை இழுக்கும். பூச்சு நல்லா இருந்தாலும் ஒழுகும். "கழுவின பிறகுதான் ஒழுகத் தொடங்கினது" எண்டு வாற முறைப்பாட்டில பாதி இதுதான். உடுப்புத் தோய்க்கிற பவுடர், சொஃப்ட்னர் ரெண்டும் வேண்டாம்.

பூஞ்சணம் எண்டு உறுதியானால் மட்டும் அடுத்த கட்டம்: 4 லீட்டர் தண்ணி, 60 மில்லி அதே சோப்பு, 240 மில்லி பிளீச். இது 5 முதல் 6 சதவீதப் பிளீச்சுக்கான கணக்கு. இங்க கடையில இப்ப செறிவு கூடின 7.5, 8.25 சதவீதமும் வருது. அது எண்டால் 160 மில்லி போதும். தெளிச்சு 15 நிமிசம், மென்மையான ஸ்பொஞ்சால துடைச்சு, நல்லா அலசுங்கோ. கவரைப் போட்டில இருந்து கழட்டித்தான் இதைச் செய்யவேணும், இல்லாட்டி பிளீச் துணிக்குள்ளால இறங்கி இருக்கைத் தையலில நிக்கும். ஏரிக்கரையில, ஜெட்டியில வச்சு வேண்டாம். புல்லுக்கு மேல விரிச்சால் புல்லு கருகும். வேலியில அல்லது கட்டின கயிற்றில போட்டுச் செய்யுங்கோ.

வினிகர்: துருக்கறைக்கும் கிணத்துத் தண்ணியின்ட வெள்ளைப் படிவுக்கும் உதவும். ஆனா பிளீச் பட்ட துணியில வினிகர் போட்டால் குளோரின் வாயு வரும். ஒரே நாளில ரெண்டையும் தொடாதேங்கோ. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பிளீச்சோட சேர்ந்தால் குளோரமைன் எண்ட நச்சு வாயு வரும்.

மெரினா_தையல்
பிளீச் விஷயத்துல ஒண்ணு சேர்க்கணும். கவர்ல இருக்கிறது அக்ரிலிக் துணி மட்டும் இல்ல. கட்டுற பெல்ட் நைலானா இருந்தா குளோரின் அதை அரிச்சிடும். மூலைக்கு வச்ச வினைல் பட்டை, பைண்டிங், பிரிண்ட் பண்ணின லோகோ, இதுக்கெல்லாம் பிளீச் ஆகாது. தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தா அதுல ஒரு துளிகூட படக்கூடாது. முடிஞ்சவரை ஸ்ப்ரே பாட்டில்ல எடுத்துப் புள்ளி இருக்கிற இடத்துல மட்டும் அடிங்க.

எங்க ஊர்ல சிலர் ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தறாங்க. அது வேற சரக்கு. கரையாத சுண்ணாம்புத் துகள் நெசவுக்குள்ள உக்காந்து துணியை விறைப்பாக்கும், துகள் நின்ன இடம் திட்டுத் திட்டா வெளுக்கும். திரவ ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டு பிளீச்தான் சரி. அதுலயும் வெயில் படற இடத்துல மாசக்கணக்கா நின்ன கேன் வீரியம் போயிருக்கும். வேலை செய்யலைன்னு அளவைக் கூட்டாதீங்க, புது கேன் வாங்குங்க.

இப்ப தையல். ஏழு வருஷக் கவர்ல துணியைவிட நூல்தான் முதல்ல போகும். நடுத்தையல்தான் கவரோட உச்சி, வெயில் முழுக்க அங்கதான். விரல் நகத்தால தையலுக்குக் குறுக்க அழுத்திச் சுரண்டுங்க. நூல் பொடியா உதிர்ந்தாலோ பட்டுனு அறுந்தாலோ அந்தத் தையல் முழுக்க மறுபடி ஓட்டணும். ரெண்டு இடத்துல மட்டும் அறுந்திருக்குன்னு ஒட்டுப் போட்டா அடுத்த காத்துக்கு பக்கத்துல விடும்.

நூல் ரெண்டு வகை. பாலியெஸ்டர் வி-92 (வி-92ங்கிறது நூலோட தடிமன் அளவு), வெயில் தாங்கற ரகம்: விலை குறைவு, எந்தத் தடித்துணி மெஷின்லயும் ஓடும். பிடிஎஃப்இ நூல், அதாவது டெஃப்லான் வகை, டெனாரா பிராண்ட் மாதிரி: வெயில் அதை ஒண்ணும் செய்யாது, துணியைவிட அதிக நாள் இருக்கும். ஆனா பல மடங்கு விலை, வழுக்கும், மேல் டென்ஷனை மாத்தி வச்சாத்தான் தையல் உக்காரும், ஊசித்துளையை அடைக்காது. உச்சித் தையலுக்கு மட்டும் பிடிஎஃப்இ, ஓரத்துக்கு பாலியெஸ்டர்னு பிரிச்சுப் போட்டா செலவு கட்டுக்குள்ள நிக்கும்.

ஊசி 110, அதாவது 18 நம்பர். தையல் நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர். இதைவிடப் பொடியாப் போட்டா துளை நெருங்கி, தபால் தலை ஓரம் மாதிரி கிழியும். பழைய நூலைப் பிரிக்க வேண்டாம். அது துணியைப் பிடிச்சிருக்கட்டும், அதுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி புது வரிசை ஓட்டுங்க. பிடிஎஃப்இ நூல் முனையை லைட்டரால சுடக்கூடாது. பாலியெஸ்டர் மாதிரி அது உருகி நிக்காது, புகையும் விஷம். முன்னும் பின்னும் அஞ்சாறு தையல் போட்டு வெட்டிடுங்க.

சிம்கோ19
சுரண்டிப் பார்த்தேன். உச்சித் தையல் உதிருது. ஓரம் உறுதியா இருக்கு. பஞ்சுக்குச்சி வச்ச புள்ளியில முக்கால்வாசி வெளிறீட்டுது. அப்ப வரிசை எப்பிடி: முதல்ல தைக்கிறதா, கழுவுறதா?

மெரினா_தையல்
கழுவிட்டுத்தான். அழுக்குத் துணியை மெஷின்ல போட்டா மணல் ஊசித்தட்டுல மாட்டும், தைக்கிறவரும் வாங்க மாட்டார். ஆனா உச்சித் தையல் அறுந்து தொங்கினா கழுவும்போது இழுக்காதீங்க. ஈரத்துணி எடையிலயே விட்டுடும்.

வடகாத்து
எடை கணக்குக்கு: இந்தத் துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 314 கிராம். உங்கட கவர் பக்கம் எல்லாம் சேர்த்து 20 சதுர மீட்டர் வரும் எண்டால் காஞ்ச துணியே 6 கிலோவுக்கு மேல. நனைஞ்சால் ஒருத்தர் சமாளிக்கிறது கஷ்டம். ரெண்டு பேராப் பிடியுங்கோ.

கழுவு, காயவை, தை, பிறகுதான் ஸ்ப்ரே. டிரையரில போடவே கூடாது. அக்ரிலிக் சூட்டுக்குச் சுருங்கும், பட்டன் ஒண்டும் எட்டாது. முக்கால்வாசி காஞ்ச உடன, இளஈரத்தோட போட்டில இழுத்து மாட்டி அங்கயே மிச்சம் காயவிடுங்கோ. அப்பதான் பழைய அளவில நிக்கும். குளிரிலயும் துணி விறைச்சு இறுகும், ஒக்டோபர் காலமையில பட்டன் எட்டேல்லை எண்டு இழுத்துக் கிழிக்காமல் மத்தியானம் வரைக்கும் பொறுங்கோ.

உப்புக்காத்து
சிங்கப்பூர்ல இருந்து. இங்க கடல் தண்ணில நிக்கற போட். பூஞ்சை உங்க ஊரைவிட வேகம், ஆனா மூலக்காரணம் பலருக்குத் தெரியாது: உப்பு. துணில காஞ்ச உப்புத்துகள் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். மழையே இல்லாட்டியும் துணி முழுசாக் காயாது. சோப்பு வேண்டாம், மாசம் ஒரு தடவை நல்ல தண்ணில அலசினாலே பாதி பூஞ்சை வராது.

மீதிப் பாதி காத்தோட்டம். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு வென்ட் (காத்துத் துளை) வைக்கணும். ஒண்ணு மட்டும் வச்சா காத்து உள்ள போய் வெளிய வர வழி இல்ல. கவர் போடறதுக்கு முன்னாடி தரைக் கார்பெட், லைஃப் ஜாக்கெட், கயிறு, எல்லாம் காஞ்சிருக்கணும். அடித்தள வடிகால் பிளக்கைக் கழட்டி வைங்க (ட்ரெய்லர்ல இருந்தா மட்டும், தண்ணில இருக்கும்போது இல்ல!).

கேளம்பாக்கம்_ஃபைபர்
இங்க பெரும்பாலும் சில்பாலின் இல்ல லாரி தார்ப்பாய்தான் போடறாங்க. இதே முறை அதுக்கும் ஆகுமா?

மெரினா_தையல்
ஆகாது. லாரி தார்ப்பாய்னு விக்கறதுல பிவிசி பூசின பாலியெஸ்டர் ஒண்ணு. அதுக்கு சோப்புத் தண்ணி மட்டும். தின்னர், பெட்ரோல் பட்டா பிவிசியை மென்மையா வச்சிருக்கிற எண்ணெய் வெளிய வந்து, துணி விறைச்சு மடிப்புல வெடிக்கும். துளை விழுந்தா தைக்காதீங்க, ஒவ்வொரு ஊசிக்குத்தும் புதுத் துளை; பிவிசி பசை போட்டு ஒட்டணும், இல்ல வெப்பக் காத்து மெஷின்ல வெல்ட் பண்ணணும். சில்பாலின் மூச்சு விடாது, அதனால போட்டைத் தொடாம கம்பு கட்டி ரெண்டு பக்கமும் திறந்து போடறதுதான் வழி. காத்துல அடிச்சுகிட்டே இருந்தா ஃபைபர் பளபளப்பையே தேய்ச்சிடும்.

பருத்தி கான்வாஸ் கவர் இருந்தா அதுக்கு பிளீச்சே கிடையாது. பருத்தி நூலை அது தின்னும்.

சிம்கோ19
சரி, கழுவிக் காயவச்சு உச்சித் தையலும் ஓட்டினாப் பிறகு, ஸ்ப்ரே எவ்வளவு, எப்பிடி? பட்டனுக்கு என்ன?

வடகாத்து
முதல்ல தண்ணி தெளிச்சுப் பாருங்கோ. நல்லா அலசின பிறகு திரும்பவும் துளியா உருண்டால் ஸ்ப்ரே தேவையே இல்லை, காசு மிச்சம். துணி குடிச்சால் மட்டும் போடுங்கோ.

ஃபுளோரோகார்பன் வகை எடுங்கோ. சிலிக்கோன் வகை வேண்டாம். எண்ணெய் அழுக்கை இழுக்கும், அதுக்கு மேல பிறகு ஃபுளோரோகார்பன் ஒட்டவும் மாட்டுது. எவ்வளவு வேணும் எண்டு டின்னில போட்டிருக்கிற கணக்கை 20 சதுர மீட்டருக்குப் பார்த்து வாங்குங்கோ. துணி முழுக்கக் காஞ்சிருக்கவேணும், வெளியில 21 பாகைக்கு மேல, காத்து இல்லாத நாள். கண்ணாடி ஜன்னலையும் போட்டின்ட பெயின்ற்றையும் மூடிப்போட்டு, ஒரு சீரா ஈரமாகிற அளவுக்கு அடிச்சு, வழியிறதைத் துணியால துடையுங்கோ. காஞ்ச உடன ரெண்டாவது மெல்லிய பூச்சு. தடிப்பா ஒரு பூச்சு அடிச்சால் வெள்ளைத் திட்டு விழும். பிறகு 12 மணித்தியாலம் மழையும் பனியும் படக் கூடாது. தையல் கோட்டுக்கு இதைவிடத் தனியா சீம் சீலர் (தையல் துளையை அடைக்கிற பூச்சு), உள்பக்கமாப் பூசுங்கோ. வெளியில பூசினால் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடாகும்.

கழராத பட்டன்: துணியைப் பிடிச்சு இழுக்கிறதாலதான் கிழியுது. பட்டனுக்குக் கீழ, ஒட்டினாப் போல தட்டையான பிளாஸ்டிக் துண்டை நுழைச்சு நெம்புங்கோ. வராட்டி மேல இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்திக் கொஞ்ச நேரம் விடுங்கோ, உள்ள இறுகின உப்பும் மண்ணும் இளகும். கழண்ட பிறகு போட்டில இருக்கிற குமிழை பழைய பல்துலக்கியால தேய்ச்சு, சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு. மெழுகுதிரியும் போதும். ஜிப் இருந்தால் அதுக்கும் மெழுகு. பெற்றோலிய எண்ணெய் துணியில கறை விடும்.

முன்கண்ணாடி மூலைக்கு உள்பக்கமா 15 சென்ரிமீட்டர் அளவில வினைல் ஒட்டுத்துண்டு தைப்பியுங்கோ. அதோட கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில ஒரு கம்பு நிறுத்தி முட்டலை எடுக்கவேணும், இல்லாட்டி ஒழுக்கு நிக்காது.

உப்புக்காத்து
கம்புன்னு சொன்னதும், தேங்கற தண்ணிக்கு ஒரு கணக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழில 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னா 100 கிலோ. துணி நீண்டுகிட்டே போகும், குழி இன்னும் ஆழமாகும். நீண்ட அக்ரிலிக் திரும்பச் சுருங்கி வராது. நடுவுல ரெண்டு கம்பு, அதுங்களை இணைச்சு முன்னிருந்து பின்வரை ஒரு பெல்ட். கவருக்குக் கூரை முகடு வந்துடும்.

அவுட்போர்ட்40
பறவை எச்சம், பிசின்?

வடகாத்து
எச்சத்தைக் காய முதல் தண்ணி ஊத்தி எடுங்கோ. காஞ்சு போனால் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவையுங்கோ. பிசினுக்குக் கொஞ்சம் டேர்பன்டைன் துணியில தொட்டு ஒத்தி, உடன சோப்புத் தண்ணியில கழுவவேணும். துருக்கறைக்கு சிட்ரிக் அமிலம், பிளீச் போட்ட நாளில இல்லை. டீசல் கரிக்கு பாத்திரத் திரவம் நேராப் போட்டு மெதுவா, தேய்ச்சால் பரவும்.

சிம்கோ19
கடைசியா, பனிக்காலம். இதே கவரோட வெளியில விடலாமோ?

வடகாத்து
விடாதேங்கோ. ஈரப் பனி ஒரு கன மீட்டர் 300 கிலோவுக்கும் போகும். இது கோடைக்கான துணி. சரிவு 45 பாகை வாற மாதிரி சட்டம் அடிச்சு தனிக் குளிர்காலப் படங்கு போடுங்கோ, இல்லாட்டி ஷ்ரிங்க் ரேப், அதாவது சூடு காட்டி இறுக்கிற பிளாஸ்டிக் உறை.

அக்ரிலிக் கவரை நொவம்பருக்கு முதல் கழுவி, முழுக்கக் காயவச்சு, மடிக்காமல் உருட்டி, பழைய படுக்கை விரிப்பில சுத்தி கராஜில உயரமான தட்டில வையுங்கோ. பிளாஸ்டிக் பை வேண்டாம், மிச்ச ஈரம் அதுக்குள்ளயே நிண்டு வசந்தத்தில புள்ளியோட வரும். எலி நூலைக் கடிச்சு கூடு கட்டும், அதால தரையில வைக்காதேங்கோ.